நீ வெட்டி எறிந்த ஒரு மணித்தியாலம்

மகன்,

போன வெள்ளிக்கிழமை நீ கொழும்பிலிருந்து கோல் எடுத்தபோது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "ஓம், பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஓமைத் திருப்பி வாங்குவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உனக்குத் தெரியும், என் கோபம் பழைய ரியூப் லைட் மாதிரி. சுவிட்சைப் போட்டதும் பற்றாது. வெகுநேரம் சிமிட்டிக்கொண்டு கிடக்கும். பார்க்கிறவர்கள் பழுதாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சிமிட்டத் தொடங்கியது, சனிக்கிழமை பகல் பற்றியது, இன்னும் அணையவில்லை. இரண்டு பெடியன்களோடும் கமராவோடும் வருகிறாயாம், நம் வாசகர் வட்டத்தில் அந்த வீடியோவுக்கு இரண்டாம் பாகம் எடுக்க வேண்டுமாம். "திரேசம்மாவ எப்படியாவது கொண்டுவந்து இருத்துங்க அப்பா, அவதான் மெயின்" என்றாய். கலியாண வீட்டுக்கு வாடகைக் கதிரை இறக்கச் சொல்வதுபோல ஒரு மனுசியைக் கொண்டுவந்து இருத்தச் சொன்னாய். அந்த ஒரு வசனத்தைத்தான் நாலு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். விழுங்க முடியவில்லை.

இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பமாட்டேன். நீ செய்ததை ஊரும் உலகமும் பார்க்கச் செய்தாய். ஆகவே உன் அப்பன் ஏசுவதையும் ஊர் பார்க்கட்டும். நூலகத்து அறிவித்தல் பலகையில் ஒரு பிரதி ஒட்டப்படும். நம் பகுதியில் வரும் சின்னச் சஞ்சிகை இதைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறது. அவர்களுக்கும் பக்கம் நிரப்ப ஏதாவது வேண்டும்தானே. உன்னைப் பார்க்கும் அளவுக்கு ஆட்கள் என்னைப் பார்க்கமாட்டார்கள். ஆனால் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் உன்னையும் தெரியும், என்னையும் தெரியும். அந்த வெட்கம் எனக்கும் இருக்கட்டும், உனக்கும் இருக்கட்டும்.

உன்னையும் என்னையும் தெரியாத நாலு பேர் இதை வாசித்தால் அவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது சாதாரண தரம் வரைக்கும். அதிலும் கணக்கு இரண்டு முறை என்னைக் கைவிட்டது. வாசிப்பு என்று நான் வாழ்நாளில் செய்தது கரண்ட் மீற்றர் வாசிப்பு மட்டும்தான். முப்பது வருடம் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சுவரில் தொங்கும் பெட்டிக்குள் இருக்கும் இலக்கத்தைப் பார்த்து எழுதினேன். இந்தப் பகுதியில் எந்த வீட்டு நாய் எந்தக் காலைக் கடிக்கும் என்பதில் எனக்கு ஆழமான அறிவு உண்டு. அதற்கு மேல் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு பகல் முழுவதும் வீட்டு மீற்றரின் முன்னால் போய் நின்றுகொண்டிருக்கிறேன் என்று உன் அம்மா உன்னிடம் சொல்லி அழுதிருக்கிறா. அப்போது நீ கம்பஸில் மெய்யியல் படித்துக்கொண்டிருந்தாய். லீவில் வந்த நீதான் இந்த வட்டத்தைத் தொடக்கினாய். அதை நான் மறுக்கமாட்டேன். என்னை மீற்றரிலிருந்து பிடுங்கி நூலகத்தில் நட்டவன் நீ.

"செவ்வியல் இலக்கிய மெய்யியல் வாசகர் வட்டம், ஞாயிறு காலை பத்து மணி" என்று சந்தியில் நீ ஒட்டிய நோட்டீஸில் மழை பட்டு வட்டம் என்பது வட்டை என்று தெரிந்ததும், கிரானிலிருந்து கணபதிப்பிள்ளை அண்ணன் தன் வயல்வட்டைக்கு எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று கேட்க வந்து உட்கார்ந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு மணித்தியாலம் மரியாதைக்காக இருந்தார். முடிவில் எழும்பி, "எல்லாஞ் சரி தம்பி, தண்ணி எப்ப?" என்று கேட்டார். நாம் நினைத்தோம், இனி அந்த மனிசன் வரமாட்டார் என்று. அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து நின்றார். ஓய்வு பெற்ற பாக்கியம் டீச்சர், ஏறாவூரிலிருந்து சவூதியில் லொறி ஓட்டிவிட்டு வந்த நசீர் காக்கா, கணபதிப்பிள்ளை அண்ணன், நான். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மெய்யியல் பேசப் போகிறேன் என்று நீ துணிந்தாயே, அந்த மகனை எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்கு நீ ஒரு மட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மணிக்கூட்டுக்குக் கீழே தொங்கவிட்டாய். "உரையைத் திறக்கும் முன் உங்கள் பொருளைச் சொல்லுங்கள். இங்கே பிழைவிடலாம்." அதுதான் நம் வட்டத்தின் ஒரே சட்டம். பாட்டை ஒருவர் வாசிப்பார். உரைப் புத்தகம் டீச்சரின் மடியில் மூடிக் கிடக்கும். ஆளாளுக்குத் தன் மனதில் பட்டதைச் சொல்லி முடித்த பிறகுதான் அது திறக்கும். அந்தச் சட்டத்தின் நிழலில் நான் விட்ட பிழைகளை எழுதினால் தனிப் புத்தகம் வரும். தலைவன் பொருள் தேடிப் பிரிந்துபோனான் என்று முதன்முதல் கேட்டபோது, எந்தச் சங்கத்துத் தலைவர், பொலிசில் முறைப்பாடு கொடுத்தார்களா என்று கேட்டவன் நான். டீச்சர் சிரித்த சிரிப்பில் அவவின் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. ஆனால் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அது சரி, அவன் போன பிறகு வீட்டில இருந்தவ யாரிட்ட முறைப்பாடு குடுக்கிற?" என்று கேட்டா. அன்றைய வட்டம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் ஓடியது. சுயவிருப்பம் பற்றிப் பேசிய அன்று நசீர் காக்கா, "முதலாளி சொன்ன ரோட்டில, முதலாளிட லொறிய, என்ட கையாலதான் திருப்பினேன். அதுல என்ட விருப்பம் எவ்வளவு, டீச்சர்?" என்று கேட்டார். பிழை விடலாம் என்று நீ எழுதி வைத்ததால் வந்த கேள்விகள் இவை. நீ கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகும் வட்டம் நாலு வருடம் நின்றது அந்த மட்டையினால்தான்.

திரேசம்மா வந்தது இரண்டாம் வருடம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைப்பவ. ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் பேப்பர் பார்க்க நூலகத்துக்குள் ஏறுவா. நாம் கத்துகிற சத்தத்தில் பேப்பர் பார்க்க முடியாமல் ஒருநாள் ஏச வந்தவ, அப்படியே உட்கார்ந்துவிட்டா. எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் பாட்டை வாசிக்கும்போது ஒரு சொல்லையும் தாண்டிப் போகமாட்டா. விரலால் தொட்டுத் தொட்டு, விளங்காத இடத்தில் விரலை எடுக்காமல் நிற்பா. சுனாமியில் புருசனையும் பன்னிரண்டு வயது மகளையும் கொடுத்தவ. இதை வட்டத்தில் அவ ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். உனக்கும் தெரியும். அவவின் பெயரை நான் இங்கே எழுதுவது அவவைக் கேட்டுத்தான். கேட்டபோது, "போடுங்க அண்ணன். அந்த வீடியோவில 'பேராசிரியை' எண்டுதானே போட்டிரிக்கு. இதிலயாவது ஆரெண்டு தெரியட்டும்" என்றா.

நீ கமரா வைத்த ஞாயிறை இனி நான் சொல்கிறேன். வட்டத்தை ஆவணமாக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது டீச்சர் நல்ல சாரியில் வந்தா, கணபதிப்பிள்ளை அண்ணன் சவரம் செய்து வந்தார், நான் தலைக்கு மை பூசினேன். எடுத்த பாட்டு பழைய நீதிப் பாட்டு. செல்வம் போனாலும் சுற்றம் போனாலும் பெரியோருக்கு இருப்பது எது என்று போகும் அந்தப் பாட்டின் முடிவில் "மறுகா நெஞ்சம்" என்று வந்தது. திரேசம்மாவின் முறை. விரலை அந்தச் சொல்லில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தா. மறுகா என்றால் வேறு ஊர்க்காரருக்கு என்னவோ, நம் பகுதியில் அதற்கு ஒரே பொருள்தான்: பிறகு. பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அவ சொன்னா, "எல்லாம் போகும். வீடு போகும், புள்ள போகும். மறுகாதான் நெஞ்சு. அதுவரைக்கும் நமக்கு நெஞ்செண்டு ஒண்டு இரிக்கிறதே தெரியா." டீச்சர் உரையைத் திறந்தா. மறுகுதல் என்றால் கலங்குதல், மறுகா நெஞ்சம் என்றால் கலங்காத நெஞ்சம் என்று இருந்தது. உடனே நான், சும்மா இருக்க மாட்டாத இந்த வாய், "திரேசம்மா, இது நம்மட மறுகா இல்ல, படிச்சாக்கள்ற மறுகா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். திரேசம்மாவும் சாரித் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தா. முதலில் சிரித்தது நான். அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பிறகுதான் உன்னை ஏசுகிறேன்.

நீ இணையத்தில் போட்ட வீடியோத் துண்டு அந்தச் சிரிப்போடு முடிகிறது. அவ சொல்வது, டீச்சர் உரை வாசிப்பது, என் பகிடி, சிரிப்பு. அதற்கு மேல் எங்கேயோ இருந்து ஒரு ஆயிரம் பேர் சிரிப்பதுபோல ஒரு சத்தம் ஒட்டி, "கிழக்கின் மெய்யியல் பேராசிரியை" என்று எழுதி, முடித்துவிட்டாய். ஆனால் அந்த அறையில் அன்று அது முடியவில்லை, மகன். சிரிப்பு அடங்கியதும் கணபதிப்பிள்ளை அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "டீச்சர், உரைக்காரர் சொன்னதும் இவ சொன்னதும் வேற வேறயா?" என்று கேட்டார். டீச்சர் மறுபடி உரையைப் பார்த்தா. கலங்காத நெஞ்சு எங்கேயிருந்து வருகிறது, பிறக்கும்போதே பெரியோருக்குக் கூடப் பிறக்கிறதா, அல்லது எல்லாம் போன பிறகு வருகிறதா என்று கேள்வி கிளம்பியது. எல்லாம் போனாலும் நெஞ்சு வராமலே போனவர்களும் இருக்கிறார்களே என்றார் நசீர் காக்கா. அதற்குத் திரேசம்மா, வரும், ஆனால் வந்தது தெரியக் கன காலம் எடுக்கும் என்றா. உரைக்காரர் பெரியோரைத் தூரத்தில் நின்று பார்த்து எழுதியிருக்கிறார், இவ உள்ளே நின்று சொல்கிறா என்று டீச்சர் சொன்னா. முப்பத்தைந்து வருடம் தமிழ் படிப்பித்தவ, அன்றைக்குத்தான் இந்தப் பாட்டு விளங்கியது என்று சொன்னா. நீ கமராவுக்குப் பின்னால் நின்றாய். சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. ஒரு மணித்தியாலம். நம் வட்டத்தின் மிக நல்ல ஒரு மணித்தியாலம் உன் கையில் முழுதாக இருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு என் பல்லைக் காட்டினாய்.

இதில் நான் யோக்கியன் இல்லை. துண்டு பரவத் தொடங்கிய கிழமை நான் ஊரில் எப்படி நடந்தேன் என்று சொன்னால் நீயே வெட்கப்படுவாய். சலூனில் முடி வெட்டாமலே போய் உட்கார்ந்து போனைக் காட்டினேன். கனடாவிலிருந்து உன் பெரியப்பா எடுத்து, "அடேய், உன்ட பகிடிய இஞ்ச எல்லாரும் பறையிறாங்க" என்றபோது நெஞ்சு விரிந்துபோனது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தினமும் உன்னைக் கேட்டேன். மீற்றர்காரன் புத்தி, இலக்கம் ஏறினால் சந்தோசம். உன் அம்மா ஒருமுறைதான் பார்த்தா. பார்த்துவிட்டு மீனைத் தொடர்ந்து கழுவிக்கொண்டு, "அந்தப் பொம்பிள கேட்டாவா இதப் போடச் சொல்லி?" என்று மட்டும் கேட்டா. "உனக்குப் பொறாமை" என்று அவவுக்குச் சொன்னேன் நான். மூன்று ஞாயிறு கழிந்த பிறகுதான் திரேசம்மா வட்டத்துக்கு வரவில்லை என்பது என் மண்டையில் ஏறியது. மூன்று ஞாயிறு! நாய் கடித்தால்கூட எனக்கு அதைவிடக் கெதியில் தெரிந்துவிடும். அவ இரவல் எடுத்திருந்த புத்தகத்தைப் பேப்பரில் சுற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனதாக நூலகத்துப் பிள்ளை சொன்னா.

பள்ளிக்கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியாது, தெரிந்துகொள். சோற்றுக்கு வரிசையில் நிற்கும் பெரிய வகுப்புப் பெடியன்கள் கறியை வாங்கிக்கொண்டு போகாமல் நின்று "மறுகா?" என்று கேட்பார்களாம். அவ சொதியை ஊற்றினால், மறுபடி "மறுகா?" பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நாம் பிறந்த நாளிலிருந்து பேசும் சொல் அது. சாப்பிட்டு மறுகா விளையாடு என்று அவ மகளுக்குச் சொன்ன சொல், நீ என்னிடம் கதை கேட்கும்போது நூறு முறை சொன்ன சொல். அந்தச் சொல்லை அவவால் இப்போது வாயில் எடுக்க முடியாமல் செய்துவிட்டாய். பேசும்போது அந்த இடம் வந்தால் ஒரு கணம் நின்று "பிறகு" என்று சொல்கிறா. நான் என் காதால் கேட்டேன்.

இப்படியான சிரிப்பு எப்படி இருக்கும் என்று தெரியாதவன் செய்திருந்தால் நான் இவ்வளவு கோபப்படமாட்டேன். ஆறாம் ஆண்டில் நீ மந்திரியாக நடித்த நாடகத்தை மறந்துவிட்டாயா? அரசன் நாட்டு நலம் கேட்க, மாதம் மும்மாரி பொழிகிறது மன்னா என்று சொல்ல வேண்டிய நீ, சபையைப் பார்த்துப் பயந்து, "மாதம் மூணு மாரியம்மன் பொழியுது மன்னா" என்றாய். மண்டபமே இடிந்து விழுந்தது. அடுத்த நாள் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தவன் இரண்டு நாள் வெளியே வரவில்லை. உன் அம்மா சோற்றைத் தட்டில் போட்டுக் கீழே தள்ளிவிட்டா. நான் என் தொந்தியோடு உள்ளே ஊர்ந்து வந்து உன் பக்கத்தில் படுத்தேன். பிறகு என்னை வெளியே இழுக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. உன்னை மாரியம்மன் என்று கூப்பிட்ட பெடியன்களின் வீடு வீடாகப் போனேன். நிறுத்தாவிட்டால் உங்கள் மீற்றரைக் கூட்டி எழுதுவேன் என்று ஒரு வீட்டில் சொன்னேன். அது பிழை, வேலையே போயிருக்கும், ஆனால் அன்று எனக்கு வேறு ஆயுதம் இருக்கவில்லை. உன்னைச் சிரித்தவர்கள் ஒரு பள்ளிக்கூடம் அளவு. அவர்களின் தகப்பன்மாரை எனக்குத் தெரியும். திரேசம்மாவைச் சிரிக்கிறவர்களின் தகப்பன்மாரை நான் எங்கே போய்த் தேட?

வெள்ளிக்கிழமை போனில் நீ சொன்னாய், "அதப் பாராட்டித்தான் அப்பா போட்டன், சனத்துக்கு அவவ நல்லாப் பிடிச்சிரிக்கு." பாராட்டுகிறவன் ஏன் அந்த ஒரு மணித்தியாலத்தைப் போடவில்லை? நீளம் என்பாய். நீளமான புத்தகங்களை நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவன் நீ. ஒரு பாட்டின் முன்னால் ஒரு ஞாயிறு முழுக்க உட்காரலாம் என்று எங்களுக்குக் காட்டித் தந்தவன் நீ. நாற்பது செக்கனுக்கு மேல் ஆட்கள் பார்க்கமாட்டார்கள் என்று இப்போது சொல்கிறாய். அப்படியானால் மெய்யியலை விட்டுவிடு. நாற்பது செக்கனில் சொல்லக்கூடியது மீற்றர் இலக்கம் ஒன்றுதான், அதை நான் உனக்குச் சொல்லித் தருகிறேன். அழித்துவிட்டாலும் அது போகாது, எல்லோரும் எடுத்து வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னாய். அது உண்மைதான். அதனால் அழிக்காமல் வைத்திருப்பது என்ன நியாயம் என்று உன் பட்டத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்.

சனிக்கிழமை நான் அவ வீட்டுக்குப் போனேன். வாவிக்கரையோர முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. கதிரை எடுத்துப் போட்டா, பிளேன்ரீ தந்தா. வந்த விசயத்தைச் சொல்ல எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. அதுவரைக்கும் நாயைப் பற்றிப் பேசினேன். கடைசியில், அன்றைக்கு நான் சிரித்தது பிழை என்று சொன்னேன். அவ நிமிர்ந்து பார்த்தா. "நீங்க சிரிச்சது எனக்கொண்டும் இல்ல அண்ணன். நீங்க என்ட முகத்தப் பாத்துச் சிரிச்சிங்க, நானும் உங்கட முகத்தப் பாத்துச் சிரிச்சன். அது நம்மட சிரிப்பு." கீரையை ஒதுக்கிவிட்டுச் சொன்னா, "இப்ப பாட்டெடுத்தா விரல் முதல்ல உரைக்குப் போகுது. எனக்கெண்டு ஒண்டும் தோணுதில்ல. தோணினாலும் வாய் வருதில்ல. அப்படி அங்க வந்திரிந்து என்ன செய்ற?" பிளேன்ரீயைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன்.

சைக்கிளில் வரும்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவ மட்டும் இல்லை. இப்போது நாங்கள் ஒருவரும் பிழை விடுவதில்லை, மகன். உன் துண்டு வந்ததிலிருந்து கணபதிப்பிள்ளை அண்ணன் கிரானிலிருந்து வரும்போதே யாரிடமோ பொருள் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வருகிறார். நசீர் காக்கா போனில் தேடிப் பார்த்துவிட்டு வாசிக்கிறார். நான் டீச்சரின் உரைப் புத்தகத்தை முதல்நாளே இரவல் வாங்கி வருகிறேன். எல்லோரும் சரியாகச் சொல்கிறோம். ஒரே மாதிரி, மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுகிறோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். போன ஞாயிறு பத்தரைக்கே வட்டம் முடிந்து, டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு கிழமை பாப்பம், இல்லாட்டி விடுவம்" என்றா. நீ எழுதிய மட்டை இன்னும் மணிக்கூட்டுக்குக் கீழே தொங்குகிறது. அதைக் கழற்ற எனக்கு மனம் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்கவும் முடியவில்லை.

ஆகவே கேள். இரண்டாம் பாகம் கிடையாது. கமரா வராது, பெடியன்கள் வரமாட்டார்கள். வந்தால் நூலகத்து வாசலில் நான் நிற்பேன். இந்தப் பகுதியில் எல்லா நாய்களும் இப்போது என் கூட்டாளிகள் என்பதை ஞாபகப்படுத்துகிறேன். அந்தத் துண்டை நீ எடுக்க வேண்டும்; மிச்சம் எங்கெங்கே போயிருக்கிறதோ போகட்டும், உன் கையிலிருந்து போனது இல்லாமல் போக வேண்டும். நீ தனியாக வா. டீச்சர் தேர்ந்தெடுக்கும் பாட்டு ஒன்று உனக்குக் கிடைக்கும். நீ படித்திராத பாட்டு. உரை மூடியிருக்கும், போன் வீட்டில் இருக்கும். எங்கள் எல்லோருக்கும் முன்னால் நீ முதலாவதாகப் பொருள் சொல்ல வேண்டும். தேடிப் பார்க்க ஒன்றும் இருக்காது. பட்டம் பெற்றவன் என்று நாங்கள் உன் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்போம். பிழை விட்டால் சிரிப்போம். உன் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்போம்.

இந்த இடத்தில் இன்னுமொரு பந்தி எழுதியிருந்தேன். அவவின் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, ஊர் கேட்க மன்னிப்புக் கேள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் எழுதியதிலேயே எனக்கு மிகப் பிடித்த பந்தி அதுதான். இன்று காலை இந்தக் கடிதத்தை அவவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவவின் பெயர் இருக்கிறது, அவ பார்க்காமல் ஒட்டக்கூடாது, அந்தளவுக்காவது எனக்குப் புத்தி வந்திருக்கிறது. முழுவதையும் விரல் வைத்து வாசித்தா. வெயில் ஏறி, நான் இரண்டு முறை கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டேன். வாசித்து முடிய என்னிடம் பேனையை வாங்கி அந்தப் பந்தியை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே கோடாக அடித்துவிட்டா. "மன்னிப்புக் கேக்க வரச் சொல்லாதிங்க. வந்து கேட்டுட்டு அப்படியே போயிருவான். வாசிக்க வரட்டும்." நீங்கள் வருவீர்களா என்று கேட்டேன். "அவன் என்ன சொல்றான் எண்டு கேக்க வேணுமே" என்றா.

பாட்டைப் பற்றி நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கத்தான் வருகிறா, மகன். உன்னைப் பார்க்க அல்ல. அவ அடித்த பந்திக்கு மேலேயும் கீழேயும் நான் உன்னை ஏசியிருக்கும் ஏச்சையெல்லாம் அவ தொடவே இல்லை. அதையும் எடுத்துவிடவா என்று கேட்டேன், கொஞ்சம் நப்பாசையோடுதான், தகப்பன்தானே. "அது உங்கட. நீங்க வெச்சிரிங்க" என்று பேனையைத் திருப்பித் தந்தா.

வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை பத்து மணி. பஸ்ஸில் வா.

அப்பா